முனுசாமி அண்ணன் தட்டிய ஐந்து எழுத்து

"படிங்க அண்ணா. மேல என்ன எழுதியிருக்குன்னு சத்தமா படிங்க."

இதைச் சொன்னது நான்தான். சொன்ன இடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் வேலை பார்த்த வார்ப்படத் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் அறை. மத்தியானம் இரண்டு மணி. முதல் ஷிப்ட் கைகழுவிவிட்டு பஸ்ஸுக்கு நிற்க, இரண்டாவது ஷிப்ட் உள்ளே நுழைகிற நேரம். வேடிக்கை பார்க்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் முனுசாமி அண்ணன். எங்களுடைய மூத்த இன்ஸ்பெக்டர். அலுமினிய பம்ப் மூடியைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு திருப்பு திருப்பினால் போதும், தலைமுடி கனத்தில் இருக்கிற விரிசலையும் சொல்லிவிடுவார். அவர் தலைக்கு மேலே சுவரில் நான் ஒட்டிய நோட்டீஸ்கள் மூன்று. மூன்றும் சொன்னது ஒரே விஷயம். அதைத்தான் அவர் என் கண் முன்னாலேயே மீறிக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. குரல் இப்போது இருப்பதைவிட மோசம்.

மூடிக்கு ஒரு போட்டோ

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் போன் செய்து சண்டை பிடித்தார்கள். இந்த வாரம் கம்ப்யூட்டர். இதற்கும் யாராவது பிடிப்பார்கள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் எங்கள் இன்ஸ்பெக்டர்களுக்கு வேண்டியது ஒரு சிவப்பு சாக்பீஸ். பழுதான மூடியில் ஒரு வட்டம் போட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார்கள். என்ன பழுது என்று அதில் பதிய வேண்டும். பழுது பதினான்கு வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பட்டியல் முழுக்க ஆங்கிலத்தில். புளோ ஹோலுக்கு, அதாவது காற்றுக் குமிழ் விட்டுப்போன ஓட்டைக்கு, நான்கா ஐந்தா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் குத்தினார்கள். சாயங்காலம் குவாலிட்டி ஆபீசில் என் மேஜைக்கு வருகிற அறிக்கையைப் பார்த்தால், ஒரே பெட்டி மூடியில் காலையில் விரிசலும் மாலையில் கீறலும் இருக்கும்.

மேனேஜர் சங்கரலிங்கம் சார் தெற்கத்திக்காரர். ஒரு நாள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "சரியா நம்பர் போடத் தெரிஞ்சவன் மேஜையில இருக்கட்டும். தெரியாதவன் லோடிங்குக்குப் போயிரணும். நான் சும்மா சொல்லல."

லோடிங் என்றால் வெயிலில் நின்று லாரியில் பெட்டி ஏற்றுவது. முனுசாமி அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கனமே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேஜை போனால் அவருக்கு வேலையே போன மாதிரி. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பட்டியலைப் படித்துத்தானே குழம்புகிறார்கள், பழுதின் படத்தையே காட்டிவிட்டால் என்ன? பழுதான மூடிகளில் வகைக்கு ஒன்றாகப் பதினான்கைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெரு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

அந்த ஸ்டூடியோக்காரர் ஒரு தனிப் பிறவி. மூடியைக் குழந்தைகளை உட்கார வைக்கிற ஸ்டூலில் வைத்தார். பின்னால் பூப்போட்ட திரையை இறக்கினார். வேண்டாம் என்றேன். "சும்மா நில்லும்மா, ஃபேஸ் எடுப்பா வரணும்ல" என்றார். பதினான்கு மூடிக்கும் பதினான்கு பூத்திரைப் படம். கையால் உருட்டுகிற ஸ்கேனர் ஒன்று எங்கள் ஆபீசில் இருந்தது, அதை வைத்து உருட்டினேன். நேராக உருட்டினால்தான் நேராக வரும். எனக்கு எப்படி உருட்டியும் விரிசல் மூடி மட்டும் வெள்ளரிக்காய் மாதிரி நீண்டுதான் வந்தது. பூக்கள் மட்டும் எல்லாப் படத்திலும் பளிச்சென்று விழுந்தன.

உள்ளேயே உட்கார்ந்திருக்கும் புரோகிராம்

படம் இருந்தால் போதாது, பார்க்க வழி வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். எண் போடுகிற புரோகிராமை மூடினால்தான் படம் பார்க்கலாம். படத்தை மூடினால்தான் எண் போடலாம். அதற்குள் எந்தப் படத்தைப் பார்த்தோம் என்பது மறந்துபோகும்.

இதற்குச் சென்னையில் ஒரு கடையில் பிளாப்பியில் ஒரு புரோகிராம் கிடைத்தது. அதன் பெயரை ஒரு முறை தட்டினால் போதும், நினைவகத்துக்குள் போய் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். இருப்பதே தெரியாது. எந்தத் திரையில் இருந்தாலும் இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் படம் மேலே வந்து நிற்கும். இன்னொரு கீயைத் தட்டினால் மறைந்துவிடும். நீங்கள் விட்ட இடம் விட்டபடியே இருக்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது நான் கை தட்டினேன், வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

பதினான்கு மூடியையும் ஒரே படமாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் அதன் எண்ணைப் பெரிதாகப் போட்டேன். புரோகிராமுக்குப் 'படம்' என்று பெயர் வைத்தேன். ஆங்கிலக் கீயில் பி, ஏ, டி, ஏ, எம். ஐந்தே எழுத்து. வேலை ஆரம்பிக்கும்போது ஒரு தடவை தட்டுங்கள் என்று எல்லோருக்கும் விரல் பிடிக்காத குறையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

அந்த மாதம் முனுசாமி அண்ணன் போட்ட எண்ணில் ஒன்றுகூடத் தப்பில்லை. மேனேஜரே அவர் மேஜையருகே நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்.

போன் கடையில் ஒரு வாக்குவாதம்

இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், பத்து நாள் முன்னால் என் போன் மக்கர் செய்தது. படப்பையில் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு கடை. அங்கிருந்த பையன் போனை வாங்கி இரண்டு தடவு தடவிவிட்டுச் சொன்னான். "மேம், பேக்கிரவுண்டுல இருவது ஆப் ஓடிகினு கீது. அதான் ஹேங் ஆவுது. யூஸ் பண்ணிட்டு குளோஸ் பண்ணணும் மேம்."

எனக்கு வந்ததே கோபம். பின்னணியில் உட்கார்ந்து நினைவகத்தைத் தின்கிற புரோகிராமைப் பற்றி எனக்கே பாடமா? "தம்பி, இதுக்காக நான் ஒரு மெமோவே வாங்கியிருக்கேன்" என்றேன். அவன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு டெம்பர்டு கிளாஸ் போடட்டுமா என்று கேட்டான்.

ஒரகடத்தில் இப்போது நான் வாரத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுக்கப் போகிற தொழிற்சாலையில் ஒவ்வொரு லைனிலும் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கிறார்கள். பழுதின் படத்தைத் தொட்டால் எண் தானாக விழுகிறது. யாரும் யாரையும் படிக்கச் சொல்வதில்லை. அதிலும் பிள்ளைகள் ஒரு தொடு தொட்டுவிட்டுப் பொறுமையாக இருக்கிறார்களா என்றால், இல்லை. டொக்கு டொக்கென்று நான்கு குத்து. அது நான்கு மூடி என்று பதிந்துகொள்கிறது. என் தலையெழுத்து.

மூன்று நோட்டீஸ்

விட்ட இடத்துக்கு வருகிறேன்.

அந்தப் படம் காட்டும் புரோகிராமில் ஒரு கெட்ட குணம் இருந்தது. ஏற்கெனவே உள்ளே இருக்கிறோமா என்று அது பார்த்துக்கொள்ளாது. மறுபடி பெயரைத் தட்டினால் இன்னொரு முறை ஏறி உட்காரும். மூன்றாவது தடவை தட்டினால் மூன்றாவது ஆள். இருந்த மொத்த நினைவகமே அறுநூற்று நாற்பது கேபி. ஏழெட்டுப் பேர் ஏறிவிட்டால் எண் போடுகிற புரோகிராமுக்கு நிற்க இடமில்லாமல் கம்ப்யூட்டர் உறைந்துபோகும். அதுவரை பதிந்த பெட்டி முழுவதும் காலி. நானூறு மூடியை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

அதனால் யாரும் தட்டவே வேண்டாதபடி செய்தேன். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அதுவே ஒரு முறை ஏறிக்கொள்ளும். இனிமேல் 'படம்' என்று தட்டாதீர்கள் என்று ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டினேன்.

மறுநாளும் உறைந்தது. போய்ப் பார்த்தால் யாரோ ஆறு தடவை தட்டியிருக்கிறார்கள். இரண்டாவது நோட்டீஸ், சிவப்பு மையில். அதற்கும் பலனில்லை. மூன்றாவது நோட்டீஸைத் தமிழில் இரண்டங்குல எழுத்தில் எழுதினேன். குருடனுக்கும் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு ஏழு தடவை தட்டியிருந்தார்கள்.

கடைசியில் ஒரு நாள் மறுபடி ஒரு பெட்டிப் பதிவு போய், லாரி கேட்டில் காத்து நின்றது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "யாரு இந்த வேலையைப் பாக்குதான்னு நாளைக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லேன்னா அந்தப் படக்காட்டிய எடுத்துரு. பழையபடி பட்டியலைப் படிச்சுப் போடட்டும்."

கோபத்தோடுதான் இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குப் போனேன். முனுசாமி அண்ணன் ஒரு பெட்டியை முடித்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தார். பி. ஏ. டி. ஏ. எம்.

அப்போதுதான் அந்தக் கத்தல்.

"கண்ணாடி சரியில்லம்மா"

அவர் மேலே பார்த்தார். சுவரில் என் மூன்று நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே தீயணைப்பானை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் இருந்தது. அவர் கண் எல்லாவற்றின் மேலும் ஒரு சுற்று போய் வந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"கண்ணாடி சரியில்லம்மா" என்றார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "கண்ணாடி சரியில்லாமத்தான் ஊசி முனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறீங்களா? நடிக்காதீங்க. 'படம்'னு தட்டாதீங்கன்னு எதுல எழுதியிருக்குன்னாவது காட்டுங்க."

அவர் விரலை நீட்டினார். தீயணைப்பான் தாளை.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முனுசாமி அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய் பஸ்ஸில் ஏறினார்.

அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை.

மேனேஜரிடம் இன்னும் ஒரு நாள் கேட்டேன். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னால் முனுசாமி அண்ணன் லோடிங்குக்குப் போவார். சொல்லாவிட்டால் படம் போய்விடும், படம் போனால் பட்டியலைப் படிக்கத் தெரியாமல் அப்போதும் லோடிங்குக்குத்தான் போவார். எப்படிப் பார்த்தாலும் அவருடைய மேஜைக்கு நான்தான் உலை வைத்திருந்தேன்.

கன்னியம்மா சொன்னது

சாயங்காலம் வேலை முடிந்ததும் தண்டலத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் மனைவி கன்னியம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான் எஸ்தரா?"

"ஆமாக்கா."

"வா, ஒக்காரு." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு ஆரம்பித்தார். "பஸ்ஸுல வந்தவன் எதுர் வூட்டுக்காரன்கிட்ட சொல்லிக்கிறான். அவன் பொண்டாட்டி குழாயாண்ட எங்கிட்ட கேக்கறா, இன்னாக்கா, உங்கூட்டுக்காரருக்குப் படிக்கவே தெரியாதாமேன்னு. பத்தாவது பாஸுன்னு சொல்லித்தான் எங்கப்பன் கட்டிக் குடுத்தாரு."

தண்ணீரைக் குடித்தேன்.

"எங்கம்மா வூட்லேர்ந்து கடுதாசி வந்தா, நீயே படி கன்னி, உன் வாயால கேட்டாத்தான் நல்லா கீதுன்னு இந்த மனுசன் சொல்லும். பன்னெண்டு வருசமா ஆசையில சொல்லுதுன்னு நெனச்சுகினு இருந்தேன்." அவர் முறத்தைப் படாரென்று ஒரு தட்டு தட்டினார். கோபமா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முனுசாமி அண்ணன் வெளியே வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார்.

மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். வாயைத் திறந்தால் வேறு ஏதோதான் வந்தது. "ஏன் அண்ணா மறுபடி மறுபடி அதைத் தட்டினீங்க? வேணாம்னு வாயாலயும் எத்தனை தடவை சொன்னேன்?"

அவர் தன் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். "பக்கத்து மேஜைப் பசங்க அதே மிசின்ல பத்து வெரலால தட்றானுங்க. நான் மட்டும் ஒத்த வெரலால நம்பரைக் குத்திகினு இருந்தா பாக்கறவன் இன்னா நெனைப்பான்? நீ கத்துக் குடுத்த அந்த அஞ்சு எழுத்து எனக்குத் தப்பாம வருது. எது எங்க கீதுன்னு கைக்குத் தெரியும். அதைத் தட்டினா படிச்சவன் மாதிரி கீது. ஒரு பொட்டி முடிஞ்சா ஒரு தபா தட்டுவேன். அவ்ளோதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா."

"உங்கிட்டயா?" என்றார். "நீ சாதாரணமா பேசறதே கேட்டுக்கு வெளிய கேக்குது."

கன்னியம்மா முறத்தைப் பார்த்தபடி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நாளைக்கு வேலைக்கு வாருங்கள், மேஜைக்கு ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார்.

என் பெயரில் ஒரு மெமோ

மறுநாள் காலை முதல் வேலையாகச் சுவரிலிருந்த மூன்று நோட்டீஸையும் கிழித்தேன். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். உண்மையான புரோகிராமுக்கு வேறு பெயர் வைத்து, காலையில் ஒரே ஒரு முறை ஏறும்படி செய்தேன். 'படம்' என்ற பழைய பெயரில் ஒன்றுமே செய்யாத ஒரு வெற்றுக் கட்டளையை எழுதி வைத்தேன். இனி யார் எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் ஆகாது. இதை முதல் நாளே செய்திருந்தால் நோட்டீஸே வேண்டியதில்லை. அந்தப் புத்திசாலித்தனம் அப்போது எங்கே போயிருந்தது என்று இன்றுவரை எனக்கு எரிச்சல்.

மேனேஜரிடம் போய்த் தப்பு என்னுடையதுதான் என்றேன். புரோகிராம் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முறை ஏறும்படி நானே தவறாக வைத்துவிட்டேன், சரிசெய்துவிட்டேன் என்றேன்.

"நீயா?" என்றார். நம்பவில்லை. நம்பாமலே மெமோ கொடுத்தார். என்னுடைய வேலை நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. இந்தச் செய்தியும் அன்றைக்கே பஸ்ஸில் ஏறித் தண்டலம் வரை போய்விட்டது.

முனுசாமி அண்ணன் அன்றைக்கும் வரவில்லை. அடுத்த நாள்தான் வந்தார். நான் காலையில் அந்தப் பக்கம் போனபோது முதல் பெட்டியை முடித்திருந்தார். அக்கம்பக்கத்து மேஜைகளில் எல்லோரும் வேலை செய்வதுபோல இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ரவுண்ட்ஸ் வந்து வாசலில் நின்றார்.

முனுசாமி அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்து எழுத்தையும் தட்டினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அவர் தலையைச் சாய்த்துக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கம் காது கொடுத்தார். மறுபடி தட்டினார். மறுபடி காது கொடுத்தார்.

"எஸ்தரம்மா," என்று கூப்பிட்டார். "இன்னா பண்ணி வெச்ச இதுல?"

"ஒண்ணும் பண்ணலையே அண்ணா."

"முன்னல்லாம் தட்டினா டப்பா உள்ள ரெண்டு தபா கிர்ருன்னும். இப்ப ஒரு தபாதான் கேக்குது. இது சும்மா." அவர் முகத்தில் கோபம் இல்லை. ஓட்டை மூடியைத் தனியாக எடுத்து வைக்கும்போது எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். "ஏமாத்தி வெச்சுகீற. எடுத்துடு."

பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார். "சார், எனக்குப் படிக்கத் தெரியாது. அதைத் தட்டி மிசினை நிறுத்தினது நான்தான், இந்தப் பொண்ணு இல்ல. நம்பர் தெரியும். படத்தைப் பாத்து நம்பர் போடறேன். நான் போட்டதுல தப்பு இருந்தா இப்பவே எழுந்துக்கறேன்."

மேனேஜர் உள்ளே வந்தார். முனுசாமி அண்ணன் ஒதுக்கி வைத்திருந்த மூடிகளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

முனுசாமி அண்ணன் நகத்தால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இத்தனை மாசமா இந்த மேஜையில நம்பர் போட்டது யாருவே?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்."

"அப்போ போடும்வே," என்று மூடியை அவர் கையில் கொடுத்துவிட்டு மேனேஜர் வெளியே போனார். என் மெமோவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது கடைசி வரை என் ஃபைலில்தான் இருந்தது.

டீ நேரத்தில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முனுசாமி அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணா, அன்னைக்கு நான் கத்தினதுக்கு..."

"கத்தினதுக்கு இன்னா," என்றார். "எல்லாந்தான் கத்தறாங்க. சூப்பர்வைசர் கத்தறான், வூட்ல அவ கத்தறா." டீயை ஒரு வாய் குடித்தார். "ரெண்டு ஷிப்ட் ஆளுங்க முன்னாடி படின்னு சொன்ன பாரு. அது வேணாம்மா. இனிமே யாரையும் அப்படிச் சொல்லாத."

சொல்ல மாட்டேன் என்றேன். அவர் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேஜைக்குத் திரும்பிப் போனார்.